பத்மினி எத்தனை இஞ்ச் இறங்கலாம்?

கோவை ஆர்.எஸ்.புரத்தில் பழைய வீடுகளின் கார் ஷெட்டை எட்டிப் பார்த்தால் இன்றைக்கும் சில அதிசயங்கள் கிடைக்கும். உறை போட்டு மூடிய ஓர் அம்பாசிடர், டயரில் காற்று இறங்கிப்போன ஒரு ஹெரால்ட், யாரோ ஒரு தாத்தா ஓட்டிய ஃபியட். விற்க மனசு வராது. ஓட்டவும் ஆள் இருக்காது. திவான் பகதூர் ரோட்டில் இருந்து உள்ளே திரும்பும் குறுக்குத் தெரு ஒன்றில், 1986-ல் வாங்கிய பிரீமியர் பத்மினிக்கு மட்டும் ஓட்ட ஆள் கிடைத்தது. வாங்கியவரின் மகள் வயிற்றுப் பேரன். வயது 24. பம்ப் செட் கம்பெனியில் டிசைன் வேலை.

அப்புச்சியின் காரியமெல்லாம் முடிந்த மறுநாள், அம்மிச்சி பீரோவைத் திறந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“உங்கப்புச்சி வண்டி. நீயே வெச்சுக்க கண்ணு. வித்துப்போடாதே, அது போதும்.”

வேறு நிபந்தனை எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் அவன் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பிரேக்கை மாற்றி, வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்து, அதே வெளிர் நீலத்தில் பெயின்ட் அடித்தான். கிருத்திகைக்குக் கிருத்திகை அப்புச்சியும் அம்மிச்சியும் மருதமலைக்குப் போய்வந்த வண்டி அது. அந்தப் பழக்கமும் திரும்ப வந்தது. 78 வயது அம்மிச்சி முன் சீட்டில் தன்னுடைய வழக்கமான இடத்தில் உட்கார, பேரன் லாலி ரோடு, வடவள்ளி வழியாக ஓட்டிப்போனான். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகுதான் செல்போனில் அந்தப் படங்கள் கண்ணில் பட்டன.

பழைய கார்களைத் தரையோடு தரையாக இறக்கி, டயரின் மேல் விளிம்பு மட்கார்டுக்குள் மறைகிற மாதிரி நிறுத்தி எடுத்த படங்கள். பத்மினிகளும் இருந்தன. உண்மையைச் சொன்னால், அந்தக் காருக்கு அது பொருந்தவும் செய்கிறது. இத்தாலியின் ஃபியட் 1100-ஐத்தான் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. 1974-ல் இருந்து அதற்குப் பத்மினி என்று பெயர் (நம்மூர்க்காரர்கள் நினைக்கிற மாதிரி நாட்டியப் பேரொளி இல்லை, சித்தூர் ராணி). நேரான இடுப்புக்கோடு, பின்னால் லேசாக எழும்பி நிற்கும் இரண்டு வால் விளிம்புகள். உடம்பு சின்னதாகவும் கச்சிதமாகவும் இருக்கும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மட்டும், வளர்ந்த பையனுக்குப் பழைய பேன்ட் போட்ட மாதிரி கொஞ்சம் அதிகம். அதை இறக்கிப் பார்க்க ஓர் இளைஞனுக்கு ஆசை வந்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்று இஞ்ச் என்று முடிவு செய்தான்.

முதலில் போய்க் கேட்ட இடத்தில் வேலை சுலபமாக இருந்தது. “முன்னாடி காயில்ல ஒன்றரைச் சுத்து கட் பண்ணிருவோம் ப்ரோ. பின்னாடி ரெண்டு பட்டையை உருவிட்டா முடிஞ்சுது. காலைல விட்டீங்கன்னா மதியம் எடுத்துக்கலாம்.” செலவும் அதிகம் இல்லை. தேதியும் குறித்தாயிற்று. அதற்குள், வாங்கிய நாளில் இருந்து வண்டியைப் பார்த்துவந்த பழைய மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

மேஸ்திரி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எதுக்குங் தம்பி எறக்கோணும்?”

“பார்க்க நல்லா இருக்குமுங்க.”

“அதுவும் ஒரு காரணந்தானுங். தப்பில்லீங். ஆனா அந்தக் காலத்துல நாங்க எறக்குனது வேற காரணத்துக்கு.”

கோவைக்கும் தாழ்ந்த கார்களுக்கும் உறவு பழையது. மேஸ்திரி அரைக்கால் டவுசர் வயதைத் தாண்டிய கையோடு, கோவைக்காரர்களின் பந்தய வண்டிகளோடு சோழவரம் போனவர். சென்னைக்குப் பக்கத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறும்வரை தென்னிந்தியக் கார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே சீட்டைக் கழற்றி, பம்பரைக் கழற்றி, உயரத்தைக் குறைத்துக்கொண்டு ஓடின.

கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த எஸ்.கரிவர்தன் அந்தக் காலத்து நட்சத்திரம். ஓட்டியதோடு நிற்காமல் பந்தயக் கார்களைத் தானே வடிவமைத்துக் கட்டியவர். மாருதி 800 இன்ஜினை வைத்து அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் கார், வசதி குறைந்த இளைஞர்களுக்கும் பந்தயக் கதவைத் திறந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெயரை எடுத்த கோவை நரேன் கார்த்திகேயனும் அந்த வண்டியில் ஓட்டியவர்தான். 1995-ல் சிறிய விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான்.

பந்தயக்காரர்கள் ஏன் இறக்கினார்கள்? வேகமாக வளைவில் திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கச் சக்கரங்கள்மீது சாயும். உள்பக்கச் சக்கரங்கள் பிடிமானத்தை இழக்கும். பஸ்ஸின் மேல்தளத்தில் நிற்பவன் அதிகம் ஆடுகிற மாதிரி, எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தச் சாய்வு கூடும். காரை இறக்கினால் மையமும் இறங்கும். நான்கு டயரும் தரையைக் கவ்விக்கொள்ளும். இதில் அழகு பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அந்தக் காரில் ஒருவர்தான் உட்கார்ந்தார். தரை சமமாக இருந்தது. ஸ்பீடு பிரேக்கர் கிடையாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இரண்டு பேர் அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்தார்கள்.

“உங்க வண்டியில ஆரெல்லாம் போவீங் தம்பி?” என்று கேட்டார் மேஸ்திரி. அவன் வீட்டில் இருப்பவர்களை எண்ணிச் சொன்னான். அம்மிச்சி, அம்மா, அப்பா, மாமா. அப்புறம் தேங்காய் பழக் கூடை.

மேஸ்திரி தலையாட்டிவிட்டு வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். அவன் கையில் டார்ச்சைக் கொடுத்துக் கீழே படுக்கச் சொன்னார்.

பத்மினியின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. விஷ்போன் என்பார்கள். கோழி நெஞ்சின் கவட்டை எலும்பு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இரண்டுக்கும் நடுவே காயில் ஸ்பிரிங். பின்னால் அப்படி இல்லை. நெட்டுக்கு ஓர் ஆக்சில், அதன் இரு பக்கமும் லாரியில் இருப்பதுபோலக் கமான் பட்டை. இந்த இரண்டு ஏற்பாட்டையும் இறக்குகிற வழி வேறு வேறு.

காயிலை வெட்டினால் வண்டி இறங்கும் என்பது சரிதான். ஆனால் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். ஸ்பிரிங்கின் நீளம் குறையும். கூடவே அது கடினமாகும். வேலை செய்கிற சுற்று எட்டு என்று வைத்துக்கொண்டால், ஒன்றரையை வெட்டியதும் மீதி ஆறரை. அதாவது, ஸ்பிரிங் சுமார் 23 சதவிகிதம் விறைப்பாகிவிடுகிறது. ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கு ஏற்றது. புதிய விறைப்பை அடக்க அதற்குத் தெரியாது. வண்டி குதிக்க ஆரம்பிக்கும். வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் நிற்கும். கேஸ் வெல்டிங் நெருப்பில் வெட்டினால் இன்னும் மோசம். எஃகுக்கு ஏற்றியிருந்த பதம் அந்த இடத்தில் போய்விடும். ஒருநாள் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடத்தை விட்டு நழுவலாம்.

இன்னொரு சங்கதி, ஸ்பிரிங் சக்கரத்தின்மேல் நேராக உட்கார்ந்திருக்கவில்லை. கையின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. ஏற்றம் இறைக்கிற கழி மாதிரிதான். ஸ்பிரிங் பக்கம் ஓர் இஞ்ச் குறைத்தால் சக்கரத்தின் பக்கம் ஓர் இஞ்ச்சைவிட அதிகமாக இறங்கும். கணக்குத் தெரியாமல் மூன்று இஞ்ச் வெட்டுபவர் உண்மையில் எத்தனை இறக்குகிறார் என்பது வண்டி தரையில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். வெட்டியதை ஒட்ட முடியாது.

கைகள் மேல்நோக்கிச் சாயும்போது சக்கரத்தின் சாய்வும் மாறும். ஸ்டீயரிங்கோடு இணைக்கிற டை ராடு ஒரு வட்டத்தில் ஆடும், விஷ்போன் இன்னொரு வட்டத்தில் ஆடும். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங்கைத் தொடாமலே வண்டி ஒரு பக்கம் இழுப்பது இதனால்தான். இதைவிட வேடிக்கை, வரம்பு மீறி இறக்கிய கார் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயவும் செய்யலாம். உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். பந்தயக் கார் மாதிரி தோற்றம், மாட்டுவண்டி மாதிரி ஓட்டம்!

பின்பக்கப் பட்டையை உருவுவது பற்றிக் கேட்டதும்தான் மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. “நாமக்கல் பக்கம் போய்ப் பாருங் தம்பி. லாரிக்காரங்க பட்டை எச்சா வெக்கச் சொல்லிக் காசு குடுக்கறாங். நீங்க எடுக்கச் சொல்லிக் காசு குடுக்கறீங்.” ஒவ்வொரு பட்டையும் எடையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. இரண்டை உருவினால் மிச்சம் இருப்பவை அந்தப் பங்கையும் சேர்த்துச் சுமக்கவேண்டும். பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் மெயின் பட்டைக்குத்தான் கேடு.

இதெல்லாம் கேட்டும் பையனின் ஆசை போகவில்லை. போகவும் வேண்டியதில்லை. சரியாகச் செய்ய வழி இருக்கிறதா என்று கேட்டான். மேஸ்திரி அதற்கு ஒரு வழி சொன்னார். காசு செலவில்லாதது, ஸ்பிரிங்கைத் தொடாதது. வண்டியை இறக்க விரும்புகிற எவரும் முதலில் செய்து பார்க்கவேண்டியது.

மளிகைக் கடையில் இருந்து 25 கிலோ அரிசி மூட்டைகள் வந்தன. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்து சாக்பீஸில் எழுதினார்கள். தரையில் இருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் இப்படி. பிறகு முன்னாலும் பின்னாலும் மூட்டைகளை அடுக்கி வண்டியை இஞ்ச் இஞ்சாக இறக்கினார்கள். ஒவ்வொரு இஞ்ச்சுக்கும் பையன் தெருவில் நின்று ஒரு படம் எடுத்தான். இரண்டு இஞ்ச்சில் படம் அற்புதமாக வந்தது. இரண்டரையை நெருங்கும்போது முன்பக்கம் மேற்கொண்டு இறங்க மறுத்தது. கீழே படுத்துப் பார்த்தால், விஷ்போன் போய் ரப்பர் ஸ்டாப்பரில் முட்டி நிற்கிறது. அதாவது, அவன் கேட்ட மூன்று இஞ்ச்சில் அந்த வண்டிக்கு ஸ்பிரிங்கே வேலை செய்யாது. ரப்பர் துண்டின்மேல் உட்கார்ந்துதான் ஓடவேண்டும்.

அடுத்தது வீட்டு வாசல். ஆர்.எஸ்.புரத்தில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு கொஞ்சம் உயர்ந்துகொண்டே வந்ததில், அப்புச்சி கட்டிய சரிவு தலைகீழாகிவிட்டது. வாசலில் ஒரு முகடு நிற்கிறது. இரண்டு இஞ்ச் இறங்கிய வண்டியை மெல்ல நகர்த்தியதும் அடியில் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். சைலன்சர் குழாய். இன்னும் நான்கு விரல் தள்ளி ஆயில் சம்ப். சம்ப்பில் ஓட்டை விழுந்தால் ஆயில் முழுவதும் ரோட்டில் கொட்டும். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கைக் கவனிப்பதற்குள் இன்ஜின் போய்விடும்.

பேரன் டிசைன்காரன் அல்லவா, அன்றிரவு ஸ்பீடு பிரேக்கர் கணக்கு ஒன்றைப் போட்டான். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலத்தில், 10 செ.மீ. உயரத்தில், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு மாதிரி வழவழப்பாக இருக்கவேண்டும். 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். பத்மினியின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.34 மீட்டர். அந்த அளவுப்படி கட்டிய தடைமேல் கார் ஏறி நிற்கும்போது சக்கரங்களும் சேர்ந்து மேட்டின்மேல் ஏறிவிடுவதால், வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில் வெறும் 4 செ.மீ.தான் குறைகிறது. தாழ்ந்த வண்டியும் தாராளமாகப் போய்விடும். ஆனால் நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டப்படுபவை முக்கால் மீட்டர் அகலத்தில் அதே 10 செ.மீ. உயரம். அவை இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் முழுதாக நுழைந்துகொள்கின்றன. அந்த 10 செ.மீ.யும் அப்படியே வயிற்றில் இருந்து கழிகிறது. விதிப்படி தடை கட்டினால் காரை இறக்கலாம் போல! மழைக்காலத்தில் லங்கா கார்னர் பாலத்தின் கீழ் தண்ணீர் நிற்பதை அவன் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மறுநாள் மூட்டைகளை இறக்குவதற்கு முன்னால் மேஸ்திரி இன்னொரு வேலை செய்தார். உள்ளே போய், “அம்மாங், ஒருக்கா வந்து ஏறி எறங்கிப் பாருங்” என்று அம்மிச்சியைக் கூப்பிட்டார்.

அம்மிச்சி வந்தார். வழக்கம்போல முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துவைத்தார். உட்காருவதில் சிரமம் தெரியவில்லை. எழுந்திருக்கும்போதுதான். ஒரு கை கதவின் மேல் விளிம்பில், ஒரு கை சீட்டில். முதல் முறை எழ முயன்று பாதியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

“நல்லாத்தான் இருக்குது கண்ணு. உனக்குப் புடிச்ச மாதிரி பண்ணிக்க” என்று சொல்லிவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

மூட்டுவலிக்காரர்களைக் கேட்டால் தெரியும். நாற்காலி ஒரு சாண் உயரமாக இருந்தால் சாதாரணமாக எழுந்துவிடுவார்கள். முழங்கால் மட்டத்துக்குக் கீழே போகப் போக, அதே உடம்பைத் தூக்க முட்டி இரட்டிப்பு வேலை செய்யவேண்டியிருக்கும். இரண்டு இஞ்ச் என்பது இருபத்து நான்கு வயதுக்கு ஒன்றுமில்லை. அம்மிச்சியின் வயதில் அது ஒரு படி.

மேஸ்திரி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டே, பையனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“அம்மா முடியாதுன்னு சொல்ல மாட்டாங் தம்பி. அடுத்த கிருத்திகைக்கு ‘எனக்கு அசதியா இருக்குது, நீ போய்ட்டு வா கண்ணு’ம்பாங். அதுக்கடுத்த கிருத்திகைக்கும் அதையேதான் சொல்வாங். அவ்ளோதானுங்.”

அன்றைக்கு மீதி மூட்டைகளைப் பையன் ஒற்றையாகவே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டான்.

ஆனாலும் ஒரு வாரம் அவனுக்கு வேறு யோசனை ஓடியது. ஏறும்போது உயரமாகவும் ஓடும்போது தாழ்வாகவும் இருந்தால்? இது புதிய யோசனை அல்ல. பிரான்ஸின் சிட்ரோயன் டி.எஸ். கார் 1955-லேயே எண்ணெய், வாயு அழுத்தத்தில் உயரத்தைக் கூட்டிக் குறைத்தது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்கள் தங்கள் கார்களைத் தரையை உரசுமளவு இறக்கி, ஊர்வலம்போல் மெதுவாக ஓட்டிப்போவார்கள். சக்கர விளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று 1958-ல் அங்கே சட்டம் வந்தது. ரான் அகீரே என்பவர் மறு வருடமே தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் ஏற்பாட்டைப் பொருத்திவிட்டார். போலீஸ் கண்ணில் பட்டால் ஒரு சுவிட்ச், கார் எழுந்து நிற்கும். போலீஸ் போனதும் திரும்ப உட்காரும். அந்தத் தடை 2024 ஜனவரியில்தான் முழுதாக நீங்கியது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஓர் இளைஞர் கூட்டம் சட்டத்தோடு கண்ணாமூச்சி ஆடியிருக்கிறது!

இப்போது காற்றுப் பையில் ஏற்றி இறக்கும் செட் இங்கேயும் கிடைக்கிறது. விசாரித்ததில், அதன் விலை பத்மினியின் விலையைத் தாண்டும்போல இருந்தது. கம்ப்ரெஸரும் டேங்கும் வைத்தால் டிக்கி போச்சு. சட்டமும் இடிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தில் இருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியாகச் சொன்னது. இவ்வளவு பழைய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டித்தான் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். இன்ஸ்பெக்டர் டிக்கியைத் திறந்தால் காற்று டேங்கைப் பற்றி என்ன சொல்வது? இன்னொன்றும் இருக்கிறது. 50 வயதைத் தாண்டிய, அசல் வடிவம் குலையாத வண்டிகளுக்கு 2021-ல் இருந்து தனிப் பதிவு உண்டு. பத்மினிக்கு அந்தத் தகுதி 2036-ல் வரும். அதுவரை சேசிஸில் ஓட்டை போடாமல் இருப்பதே நல்லது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரில் ஓய்வுபெற்ற பிறகு, ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் மதிப்புக் கூடிக்கொண்டுதான் போகிறது.

கடைசியில் ஓர் இஞ்ச் என்று ஆனது. அந்த ஓர் இஞ்ச்சுக்கு ஒரு மாதம் பிடித்தது.

அசல் ஸ்பிரிங்கை வெட்டவில்லை. கழற்றி, கம்பியின் கனம், சுற்றின் விட்டம், சுமையில்லாத நீளம் எல்லாவற்றையும் வெர்னியரில் அளந்து பையன் ஒரு டிராயிங் போட்டான். பம்ப் செட்டில் பழகிய கை. விஷ்போனில் ஸ்பிரிங் எங்கே உட்காருகிறது என்று அளந்து, சக்கரத்தில் ஓர் இஞ்ச் இறங்க ஸ்பிரிங்கில் எவ்வளவு குறையவேண்டும் என்று கணக்குப் பார்த்தான். சிறிய ஸ்பிரிங் பட்டறை ஒன்றில் அதைச் சுற்றிக் கொடுத்தார்கள். பட்டறைக்காரர் ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரித்தார். கம்பி கனத்தில் கைவைக்காதீர்கள் என்றார். கனம் கொஞ்சம் கூடினாலும் விறைப்பு நான்கு மடங்கு வேகத்தில் ஏறும். 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. போட்டால் ஸ்பிரிங் 38 சதவிகிதம் கடினமாகிவிடும். அதனால் அதே கம்பி, அதே சுற்று, நீளம் மட்டும் குறைவு. சுற்றியபின் சூளையில் வைத்து இறுக்கத்தைப் போக்கி, சில தடவை முழுதாக அமுக்கிப் பார்த்து, நீளம் இனிமேல் மாறாது என்று உறுதி செய்துகொண்ட பிறகே கையில் கொடுத்தார்கள்.

பின்பட்டையில் ஒன்றையும் உருவவில்லை. வளைவை மட்டும் கொஞ்சம் தட்டிக் குறைத்து, பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். ஆள் ஏறினால் பின்பக்கம்தான் அதிகம் இறங்கும் என்பதால் பின்னால் முக்கால் இஞ்ச் போதும் என்றார் மேஸ்திரி. ஷாக் அப்சார்பர் முழுதாக அமுங்கினாலும் முட்டவில்லை என்று பார்த்தார்கள். பிரேக் ஹோஸ் இழுபடவில்லை என்று பார்த்தார்கள். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்ததில் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் முன்பைவிடப் பக்கத்தில் விழுந்தது. சுவரில் கோடு போட்டு அதையும் திருத்தினார்கள். இப்படி வரிசையாக ஒவ்வொன்றாக நினைவுவைத்துச் சரிபார்க்கிற பழக்கம் சோழவரத்தில் வந்தது.

வீல் அலைன்மென்ட் கடையில் ஒரு சிக்கல். கம்ப்யூட்டரில் கார்களின் பட்டியல் நீளமாக இருந்தது. பத்மினி இல்லை. கடைப் பையன் வேறு ஏதாவது சின்னக் காரின் அளவைப் போட்டுவிடவா என்று கேட்டான். மேஸ்திரி சட்டைப் பையில் இருந்து ஓரம் மடங்கிய ஒரு டைரியை எடுத்து, அதில் எப்போதோ எழுதிவைத்த அளவைப் படித்துக்காட்டினார். அந்த அளவுக்கே வைத்தார்கள். 500 கி.மீ. ஓடியபின் திரும்ப வரச் சொன்னார். புது ஸ்பிரிங் கொஞ்சம் படியும், அப்போது மறுபடி பார்க்கவேண்டும். நடுவில் வாரம் ஒருமுறை டயரின் உள்பக்க விளிம்பைக் கையால் தடவிப் பார்க்கவும் சொன்னார். ரம்பம் மாதிரி கீறினால் சக்கரம் நேராக இல்லை என்று அர்த்தம்.

பழைய ஸ்பிரிங் இரண்டையும் ஆயில் தடவி, சாக்கில் சுற்றி, இடது வலது என்று எழுதி அட்டத்தில் வைத்திருக்கிறான்.

ஓர் இஞ்ச் வித்தியாசம் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. படத்தில் லைக்கும் அதிகம் விழவில்லை. கார் பிடித்தவர்கள் மட்டும் ஒரு நிமிடம் நின்று பார்த்து, “என்ன பண்ணுனீங்க, நல்லா உக்காந்திருக்குதே” என்கிறார்கள். வளைவில் வண்டி முன்பைவிட அடங்கித் திரும்புகிறது. மருதமலைக் கொண்டை ஊசிகளில் அதைப் பையனால் ஸ்டீயரிங்கில் உணர முடிகிறது. அம்மிச்சி எப்போதும்போல உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துவைத்து, இறங்கும்போது கதவை லேசாகத் தொட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார். எத்தனை இஞ்ச் இறங்கியது என்று அவர் கேட்கவே இல்லை. நீலம்தான் அப்புச்சி காலத்து நீலத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பு என்று அவருக்குக் குறை.

வடவள்ளிக்கு முன்னால் ஒரு ஸ்பீடு பிரேக்கர் மட்டும் மிச்சம். நான்கு பேரோடு போனால் தாண்டிவிடுகிறது. ஐந்து பேரும் கூடையும் என்றால் சைலன்சர் மெல்லத் தொடுகிறது. அந்த இடம் வந்ததும் மாமா சொல்லாமலே கதவைத் திறந்து இறங்கி, தடையைத் தாண்டி நடந்துபோய் நின்றுகொள்கிறார். வீட்டில் எடை அதிகம் அவருக்குத்தான்.